சாக்ரடீஸ் தண்டனைக்கு உரியவர்தானா? ஒரு பழைய வழக்கின் பின்னணி

எங்காவது ஓர் ஆசிரியர் மீதோ பேச்சாளர் மீதோ "இளைஞர்களைக் கெடுக்கிறார்" என்று புகார் வந்தால் போதும், விவாதத்தின் இரண்டாவது சுற்றிலேயே யாராவது சாக்ரடீஸை இழுத்து வந்துவிடுகிறார்கள். ஒரு தரப்பு, உண்மை பேசிய ஞானியைக் கும்பல் சேர்ந்து கொன்றது என்கிறது. கொஞ்சம் கூடுதலாகப் படித்த இன்னொரு தரப்பு, அவர் மக்களாட்சியின் எதிரி, கொடுங்கோலர்களை வளர்த்துவிட்டவர், ஏதென்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான் என்கிறது. இரண்டும் பாதிக் கதை. நமக்கு சாக்ரடீஸ் பெரும்பாலும் மேடை வசனமாகவும் விஷக் கோப்பையாகவும்தான் அறிமுகம். அந்தக் கோப்பைக்கு முன்னால் ஒரு முழு நீதிமன்ற நடைமுறையும், அதற்கும் முன்னால் ஓர் உள்நாட்டுப் போரும் இருந்தன என்பது வசனத்தில் வருவதில்லை.

"அவருக்கு அந்தத் தண்டனை தகுமா?" என்று கேட்கும்போது நாம் உண்மையில் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்கிறோம்.

1. ஏதென்ஸின் சொந்தச் சட்டப்படி வழக்கு முறையாக நடந்ததா?
2. குற்றச்சாட்டு உண்மையா?
3. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அதற்கு உயிரை எடுக்கலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையாகத்தான் நடந்தது. குற்றச்சாட்டு நிற்கவில்லை. உயிரை எடுத்தது தவறு. ஆனால் ஏதென்ஸ்காரர்கள் முட்டாள்கள் என்று சொல்லி முடித்துவிட முடியாது. அவர்கள் தண்டிக்க விரும்பியது ஒன்று, தண்டித்த பெயர் வேறொன்று. அதைத்தான் இங்கே விரித்துப் பார்க்கப்போகிறோம்.

வழக்கு என்ன?

கி.மு. 399. சாக்ரடீஸுக்கு வயது 70. வழக்குத் தொடுத்தவர்கள் மூவர். பெயரளவில் முன்னால் நின்றவர் மெலெட்டஸ், அதிகம் வெளியே தெரியாத இளைஞர். பின்னால் இருந்த பெரிய மனிதர் அனிட்டஸ், தோல் பதனிடும் தொழிலில் பணம் சேர்த்தவர், மக்களாட்சியை மீட்ட போராட்டத்தில் முன்னணியில் நின்ற அரசியல்வாதி. மூன்றாமவர் லைகான், மேடைப் பேச்சாளர்.

குற்றச்சாட்டின் வாசகம் நமக்குக் கிடைத்திருக்கிறது. நகரம் ஏற்கும் தெய்வங்களை அவர் ஏற்பதில்லை, புதிய தெய்விக விஷயங்களை நுழைக்கிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார், கேட்கப்படும் தண்டனை மரணம். மொத்தமே இவ்வளவுதான். சட்டப் பிரிவாகப் பார்த்தால் இது தெய்வ நிந்தனை வழக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விசாரணையைப் பற்றி நமக்கு விரிவாகச் சொல்பவர்கள் பிளேட்டோவும் செனபோனும். இருவருமே சாக்ரடீஸின் அபிமானிகள். பிளேட்டோ நீதிமன்றத்தில் இருந்தார். செனபோன் அப்போது ஊரிலேயே இல்லை, ஆசியாவில் கூலிப்படையோடு இருந்தார். வழக்குத் தொடுத்தவர்கள் அன்று பேசிய பேச்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் எழுதிய வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பைப் பற்றிப் பேசும் நிலையில்தான் நாம் இருக்கிறோம். இதை மறந்துவிட்டுப் படித்தால் மெலெட்டஸ் வெறும் கோமாளியாகத்தான் தெரிவார், பிளேட்டோ அவரை அப்படித்தான் வைத்திருக்கிறார்.

நீதிமன்றம் எப்படி இயங்கியது?

இன்றைய நீதிமன்றத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ஒன்றும் புரியாது.

1. அரசு வழக்கறிஞர் கிடையாது. குடிமகன் எவரும் இன்னொரு குடிமகன் மீது வழக்குத் தொடுக்கலாம். சும்மா தொல்லை கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு தடை உண்டு: வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால் வழக்குப் போட்டவர் 1000 திராக்மா அபராதம் கட்ட வேண்டும். ஒரு திராக்மா என்பது அன்று தேர்ந்த தொழிலாளியின் ஒரு நாள் கூலி.

2. சட்டம் படித்த நீதிபதி கிடையாது. ஆண்டுதோறும் குலுக்கலில் எடுத்த 6000 பேர் பட்டியலிலிருந்து நடுவர்கள் வருவார்கள், எல்லாரும் 30 வயது கடந்த ஆண் குடிமக்கள், நாளுக்கு மூன்று ஓபோல், அதாவது அரைத் திராக்மா படி. சாக்ரடீஸ் வழக்கில் சுமார் 500 பேர். தங்களுக்குள் கலந்து பேசும் வழக்கம் கிடையாது. இரு தரப்பும் தண்ணீர்க் கடிகாரம் வைத்துப் பேசி முடித்ததும் ரகசிய வாக்கு. சரிசமமாகப் பிரிந்தால் விடுதலை. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும், மேல்முறையீடு இல்லை.

3. இந்த வகை வழக்குக்குச் சட்டம் தண்டனையைக் குறிக்கவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பானால் வழக்குப் போட்டவர் ஒரு தண்டனையைச் சொல்வார், குற்றவாளி ஒன்றைச் சொல்வார், நடுவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் புகுந்து மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சொல்ல முடியாது.

4. எல்லாவற்றையும்விட முக்கியமானது, தெய்வ நிந்தனை என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. கோயில் பொருளைத் திருடுவது, சிலையை உடைப்பது, விலக்கப்பட்ட ஒருவர் பலிபீடத்துக்குப் போவது, சூரியனைக் கல் என்று சொல்வது, எதை வேண்டுமானாலும் அதற்குள் போடலாம். குற்றம் எது என்பதை அன்றைக்கு உட்கார்ந்திருக்கும் 500 பேர் முடிவு செய்வார்கள்.

ஆக முதல் கேள்விக்குப் பதில் தெளிவு. முன்விசாரணை நடந்தது, நடுவர்கள் குலுக்கலில் வந்தார்கள், அவருக்குப் பேச நேரம் கிடைத்தது, வாக்கு எண்ணப்பட்டது. பிளேட்டோவின் கணக்குப்படி 30 வாக்கு மாறியிருந்தால் விடுதலை. 500 பேர் என்று கொண்டால் ஏறத்தாழ 280-க்கு 220. கும்பல் கொலை இப்படி இருக்காது. 2012-ல் ஏதென்ஸில் ஓனாசிஸ் அறக்கட்டளை ஏற்பாட்டில் நடந்த மாதிரி விசாரணையில்கூட நீதிபதிகள் 5-5 என்று சரிபாதியாகப் பிரிந்தார்கள், பழைய விதிப்படி விடுதலை.

குற்றச்சாட்டு நிற்கிறதா?

"தெய்வங்களை ஏற்பதில்லை" என்பது பலவீனமான பகுதி. அவர் வழக்கமான பலிகளைச் செய்தார் என்று செனபோன் சொல்கிறார். பிளேட்டோவின் எழுத்தில் சாக்ரடீஸ் மெலெட்டஸைக் குறுக்கு விசாரணை செய்து, "நான் எந்தத் தெய்வத்தையும் ஏற்காதவன் என்கிறாயா?" என்று கேட்டு ஆமாம் என்று சொல்லவைக்கிறார். அப்புறம், புதிய தெய்விக விஷயங்களை நுழைக்கிறேன் என்று குற்றப் பத்திரிகையில் எழுதிவிட்டு, தெய்வமே இல்லை என்பவன் என்றும் எப்படிச் சொல்வாய் என்று மடக்குகிறார். வாதம் கெட்டிதான், ஆனால் சாமர்த்தியமான வாதம். நகரத்தின் தெய்வங்களை ஏற்கிறேன் என்று ஒரு வரியில் அவர் அங்கே நேராகச் சொல்லவில்லை என்பதைக் கவனமாகப் படிப்பவர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். 500 பேரில் சிலருக்காவது அது உறுத்தியிருக்கும்.

"புதிய தெய்விக விஷயம்" என்பது அவர் அடிக்கடி சொல்லிவந்த உட்குரல். சிறு வயதிலிருந்து தனக்கு ஒரு குரல் கேட்கிறது, அது எதையும் செய் என்று சொல்லாது, செய்யாதே என்று மட்டும் தடுக்கும் என்பார். ஏதென்ஸில் சகுனம் பார்ப்பவர்களும் குறி சொல்பவர்களும் நிறையவே இருந்தார்கள், வெளியூர்த் தெய்வங்களும் வந்து குடியேறின. ஆனால் அவை பொது அனுமதியோடு வந்தன. இவர் குரல் இவருக்கு மட்டும் கேட்கும், யாரும் சரிபார்க்க முடியாது. மழை வேண்டியும் போரில் வெற்றி வேண்டியும் ஊரே சேர்ந்து பலியிடும் சமூகத்தில் ஒருவர் மட்டும் தனிக் கம்பி வைத்துப் பேசுவது ஊர் முழுவதையும் பாதிக்கும் விஷயம். இது வெறும் மூட நம்பிக்கை என்று நாம் ஒதுக்கலாம், அவர்களுக்கு அது பொதுப் பாதுகாப்பு.

அதோடு ஒரு பழைய பெயரும் ஒட்டியிருந்தது. கி.மு. 423-ல் அரிஸ்டோபனிஸ் ஒரு நகைச்சுவை நாடகத்தில் சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டு, தோற்க வேண்டிய வாதத்தை ஜெயிக்கவைக்கக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவராகக் காட்டினார். சூரியன் கொதிக்கும் கல் என்று சொன்ன தத்துவவாதி அனக்சகோரஸ் ஏற்கெனவே ஏதென்ஸை விட்டுப் போக நேர்ந்தது. நடுவர்களில் பலர் சாக்ரடீஸ் பேசியதைக் கேட்டவர்கள் இல்லை, நாடகத்தைப் பார்த்தவர்கள் அல்லது பார்த்தவர் சொல்லக் கேட்டவர்கள். அவரே தன் பேச்சில் மெலெட்டஸைவிட இந்தப் பழைய பேச்சுக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன் என்கிறார்.

மிச்சம் இருப்பது "இளைஞர்களைக் கெடுக்கிறார்". எந்த இளைஞர்கள்? குற்றப் பத்திரிகையில் ஒரு பெயரும் இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எழுத முடியாத குற்றச்சாட்டு

கி.மு. 431 முதல் 404 வரை ஏதென்ஸ், போட்டிக் கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவோடு போரில் இருந்தது. நடுவே கொள்ளைநோய். 415-ல் சிசிலிக்குப் பெரும்படை கிளம்பும் சமயத்தில் ஊர் முழுக்க வீட்டு வாசல்களில் இருந்த ஹெர்மிஸ் தெய்வத்தின் சிலைகள் ஒரே இரவில் உடைக்கப்பட்டன, புனிதச் சடங்குகளை வீட்டு விருந்தில் கேலியாக நடித்தார்கள் என்றும் புகார். அதில் பெயர் அடிபட்டவர் படைத்தலைவர்களில் ஒருவரான அல்சிபியாடிஸ். அவர் எதிரி ஸ்பார்ட்டாவிடம் ஓடிப்போனார். சிசிலிப் படை 413-ல் அழிந்தது. அல்சிபியாடிஸ் சாக்ரடீஸின் கூட்டத்து ஆள் என்பது ஊருக்கே தெரியும்.

404-ல் ஏதென்ஸ் சரணடைந்தது. ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். ஓர் ஆண்டுகூட நீடிக்காத அந்த ஆட்சியில் குறைந்தது 1500 பேர் கொல்லப்பட்டார்கள் என்று பழைய ஆவணம் சொல்கிறது. சொத்துக்காகவே பலர் கொல்லப்பட்டார்கள். அந்த முப்பதின்மருக்குத் தலைமை போல இருந்தவர் கிரிட்டியாஸ், பிளேட்டோவின் தாய்வழி உறவினர், ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு திரிந்தவர். அவர்களுக்குத் துணையாகப் பிரேயஸ் துறைமுகத்தை ஆண்ட பத்துப் பேரில் ஒருவர் கார்மிடிஸ், பிளேட்டோவின் மாமா, அவரும் சாக்ரடீஸின் கூட்டம். மக்களாட்சிக்காரர்கள் ஊரைவிட்டு ஓடி, படை திரட்டித் திரும்பி வந்து 403-ல் வென்றார்கள். கிரிட்டியாஸும் கார்மிடிஸும் அந்தச் சண்டையில் செத்தார்கள்.

வென்றவர்கள் அதற்குப் பிறகு செய்தது அந்தக் காலத்துக்கு அபூர்வம். பழிவாங்கவில்லை, பொது மன்னிப்பு அறிவித்தார்கள். முப்பதின்மரையும் அவர்களது நேரடி அதிகாரிகளையும் தவிர மற்றவர் மீது பழைய அரசியல் செயல்களுக்காக வழக்குப் போடக் கூடாது, பழையதைக் கிளறக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். மன்னிப்புக்காக நின்றவர்களில் அனிட்டஸும் ஒருவர், தான் இழந்த சொத்தைத் திரும்பக் கேட்டு வழக்காடாமல் விட்டவர் என்று நல்ல பெயர் உண்டு.

இப்போது 399-க்கு வாருங்கள். "நீ கிரிட்டியாஸுக்கு ஆசிரியன்" என்று குற்றப் பத்திரிகையில் எழுத முடியாது, மன்னிப்பு அதைத் தடுக்கிறது. "இளைஞர்களைக் கெடுக்கிறார்" என்று எழுதலாம். யாரைச் சொல்கிறார்கள் என்று 500 பேருக்கும் புரியும்.

இது வெறும் ஊகம் என்று தள்ள முடியாது. கி.மு. 345-ல், அரை நூற்றாண்டு கழித்து, எஸ்கினிஸ் என்ற பேச்சாளர் வேறொரு வழக்கில் நடுவர்களிடம், மக்களாட்சியைக் கவிழ்த்த முப்பதின்மரில் ஒருவரான கிரிட்டியாஸுக்குப் பாடம் சொன்னார் என்பதற்காகத்தானே சாக்ரடீஸைக் கொன்றீர்கள் என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறார். கேட்பவர்களுக்கு அது தெரிந்த விஷயம் என்று நினைத்துத்தான் சொல்கிறார்.

மாணவன் செய்ததற்கு ஆசிரியர் பொறுப்பா?

சரி, எழுதப்படாத அந்தக் குற்றச்சாட்டையே நேராக எடுத்து விசாரிப்போம். அவர் தரப்பில் சொல்ல என்ன இருக்கிறது?

1. முப்பதின்மர் ஆட்சியில் அவரையும் வேறு நால்வரையும் அழைத்து, சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைப் பிடித்து வரச் சொன்னார்கள், கொல்வதற்கு. நால்வர் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். ஆட்சி கவிழாமல் இருந்திருந்தால் அதற்கே உயிர் போயிருக்கலாம்.

2. அதே ஆட்சி, வாதக் கலையைக் கற்பிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. கிரிட்டியாஸே கூப்பிட்டு இளைஞர்களோடு பேசாதே என்று எச்சரித்தார் என்று செனபோன் எழுதுகிறார். இவரது போதனையை முதலில் தடைசெய்ய முயன்றவர் இவரது "மாணவர்"தான்.

3. 406-ல், ஒரு கடற்போருக்குப் பிறகு புயலில் மூழ்கிய வீரர்களை மீட்கவில்லை என்று ஆத்திரப்பட்ட மக்கள் சபை படைத்தலைவர்கள் எல்லாரையும் ஒரே வாக்கில் தண்டிக்க முயன்றது. அது சட்ட விரோதம் என்று கடைசிவரை எதிர்த்தவர் அன்று சபைக் குழுவில் இருந்த சாக்ரடீஸ். அகப்பட்ட ஆறு பேர் கொல்லப்பட்டார்கள், பிறகு ஏதென்ஸ் வருந்தியது. கொடுங்கோலர்களிடமும் மக்கள் சபையிடமும் அவர் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்.

4. அவரோடு இருந்தவர்கள் எல்லாரும் கிரிட்டியாஸ் இல்லை. டெல்பி கோயிலில் குறி சொல்பவரிடம் "சாக்ரடீஸைவிட அறிவாளி உண்டா?" என்று கேட்டுவந்த கேரபோன், மக்களாட்சிக்காரர்களோடு நாடுகடந்து அவர்களோடேயே திரும்பியவர். அந்த நண்பரின் பெயரை சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் வேண்டுமென்றேதான் இழுக்கிறார்.

நானாக இருந்தால் இந்த நான்கையும் கேட்டுவிட்டு விடுதலைக்குத்தான் வாக்களித்திருப்பேன். ஆனால் எதிர்த்தரப்புக்கும் ஒரு நல்ல வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முப்பதின்மர் காலத்தில் மக்களாட்சிக்காரர்கள் ஊரை விட்டு ஓடியபோது சாக்ரடீஸ் ஊரிலேயே இருந்தார். லியோனைப் பிடிக்கப் போகவில்லை, சரி, ஆனால் லியோனை எச்சரிக்கவும் இல்லை, வீட்டுக்குப் போனார். அப்பா, அண்ணன், தம்பியை அந்த ஆட்சியில் பறிகொடுத்த நடுவர் ஒருவருக்கு அந்த "வீட்டுக்குப் போனார்" போதுமானதாக இருந்திருக்காது.

போதனையே ஆபத்தானதா?

விசாரணைக்குப் பிறகு ஒருவர் சாக்ரடீஸுக்கு எதிராக எழுதிய பிரசுரத்துக்குச் செனபோன் பதில் சொல்கிறார். அதிலிருந்து எதிர்த்தரப்பின் நினைப்பு தெரிகிறது. கப்பல் மாலுமியையோ கட்டடக்காரரையோ குலுக்கலில் யாரும் எடுப்பதில்லை, ஆட்சியாளரை மட்டும் அப்படி எடுப்பது மடமை என்று சாக்ரடீஸ் சொன்னாராம், இதைக் கேட்ட இளைஞர்கள் அரசியலமைப்பையே இகழ்ந்தார்களாம். ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸ் சாதாரணப் படைவீரர்களைக் கோலால் அடித்து அடக்கும் வரிகளை விரும்பிச் சொல்வாராம்.

இதில் உண்மை இருக்கலாம். பிளேட்டோவின் எழுத்துகளிலும் பெரும்பான்மையின் கருத்துக்கு எதிராக நிபுணரின் கருத்தை வைக்கும் சாக்ரடீஸைத்தான் பார்க்கிறோம். ஆனால் ஏதென்ஸ்காரர்களே படைத்தலைவர்களைக் குலுக்கலில் எடுக்கவில்லை, கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். உயிர் போகும் வேலைக்குக் குலுக்கல் ஆகாது என்று அவர்களுக்கே தெரியும். சாக்ரடீஸ் அதை மற்ற பதவிகளுக்கும் நீட்டிப் பேசினார். இதைச் சபையில் ஒருவர் சொல்லியிருந்தால் கூச்சலிட்டு உட்காரவைத்திருப்பார்கள், வழக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அரிஸ்டோபனிஸ் மேடையில் மக்களாட்சியை இதைவிட மோசமாகக் கிண்டலடித்துப் பரிசும் வாங்கினார். அந்த ஊரின் வழக்கப்படிப் பார்த்தாலும் இது தண்டனைக்கான பேச்சு இல்லை. இரண்டு முறை ஆட்சி கவிழ்ந்த பிறகு, அதே பேச்சு முன்னைப்போலக் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஏன் மரணம்?

முதல் வாக்கில் அவர் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். மெலெட்டஸ் மரணம் கேட்டார். இந்த முறையின் கணக்குப்படி, சாக்ரடீஸ் எழுந்து "நாடு கடத்துங்கள்" என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் ஏற்றிருப்பார்கள். வழக்குப் போட்டவர்களும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கலாம்.

அவரோ, நான் நகரத்துக்கு நன்மை செய்தவன், ஒலிம்பிக் வீரர்களுக்குப் போடுவதுபோல எனக்கும் அரசு மண்டபத்தில் வாழ்நாள் சாப்பாடு போடுங்கள் என்றார். பிறகு, என்னால் முடிந்தது ஒரு மினா, அதாவது 100 திராக்மா, என்றார். கடைசியில் பிளேட்டோவும் கிரிட்டோவும் மற்ற நண்பர்களும் ஜாமீன் நிற்பதாகச் சொல்ல 30 மினாவாக உயர்த்தினார். 3000 திராக்மா சின்னத் தொகை இல்லை. ஆனால் சாப்பாட்டுப் பேச்சைக் கேட்ட பிறகு யார் காதிலும் அது ஏறவில்லை. விடுதலைக்கு வாக்களித்தவர்களில் 80 பேர் இரண்டாவது வாக்கில் மரணத்துக்கு மாறினார்கள் என்று பல நூற்றாண்டு கழித்து எழுதிய டையோஜனிஸ் லேர்ட்டியஸ் சொல்கிறார். குற்றமற்றவர் என்று நினைத்தவரைக் கொல்ல வாக்களிப்பது தர்க்கத்தில் அபத்தம். 500 பேர் கலந்து பேசாமல் உடனே போடும் வாக்கில் அது நடக்கும்.

முதுமையின் தொல்லைகளுக்கு முன்னால் போய்விடலாம் என்று அவரே நினைத்தார், அதனால்தான் அப்படிப் பேசினார் என்பது செனபோனின் விளக்கம். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. குற்றம் செய்யாதவன் நாடுகடத்தல் போன்ற ஒரு தண்டனையைத் தனக்குத் தானே சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், அவர் அதற்கு இணங்கவில்லை என்பதே நேரான விளக்கம். எப்படி இருந்தாலும், நடுவர்களை எரிச்சலூட்டியது மரண தண்டனைக்குரிய குற்றம் ஆகாது. தண்டனையை அன்றைய மனநிலையிடம் விட்ட நடைமுறையின் கோளாறு அது.

அதே சமயத்தில் இன்னொரு வழக்கு

கி.மு. 400 அல்லது 399-ல் ஆண்டோசிடிஸ் என்பவர் மீதும் தெய்வ நிந்தனை வழக்கு வந்தது. 415-ன் சிலை உடைப்பு விவகாரத்தில் கைதாகி, மற்றவர்களைக் காட்டிக்கொடுத்துத் தப்பியவர். கோயிலுக்குள் போகவே கூடாத நிலையில் புனிதச் சடங்கில் கலந்துகொண்டார் என்பது புகார், தோற்றால் மரணம். தெய்வ விஷயத்தில் சாக்ரடீஸைவிட நூறு மடங்கு மோசமான பின்னணி. அவர் பொது மன்னிப்பைக் காட்டி வாதாடி விடுதலையானார்.

அவருக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர்களில் ஒருவர் அனிட்டஸ். அதே அனிட்டஸ்தான். தெய்வ நிந்தனைதான் அவருக்கு உறுத்தியது என்றால் இந்த மனிதருக்காக நின்றிருக்க மாட்டார்.

ஆண்டோசிடிஸின் பேச்சில் இன்னொரு தகவலும் இருக்கிறது. லியோனைப் பிடிக்கப் போனவர்களில் மெலெட்டஸ் என்று ஒருவர் இருந்தார், லியோனின் பிள்ளைகள் அவர் மீது கொலை வழக்குப் போட முடியாமல் பொது மன்னிப்பு தடுக்கிறது என்கிறார். அந்த மெலெட்டஸும் சாக்ரடீஸ் மீது வழக்குப் போட்ட மெலெட்டஸும் ஒரே ஆளா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒரே ஆள் என்றால், லியோனைப் பிடித்துக் கொடுத்தவருக்கு அந்த மன்னிப்பு கிடைத்தது, போக மறுத்து வீட்டுக்குத் திரும்பியவருக்குக் கிடைக்கவில்லை.